ஜீப்பில் ஏறிய பட்டறை

ஹைதர் அலி 1755-ல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தார். வந்தவர் மலைக்கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களை மேற்பார்வைக்கு வைத்து இங்கேயே ஓர் ஆயுதச்சாலை அமைத்தார். நியாயம்தானே? பீரங்கி வண்டியின் அச்சு நடுவழியில் முறிந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கா ஓடுவது? படை போகிற இடத்துக்கெல்லாம் கொல்லனும் துருத்தியும் பின்னாலேயே போயாக வேண்டும். அந்த முன்யோசனை இருந்ததால்தான் சில வருஷங்களில் மைசூரையே கைக்குள் கொண்டுவந்தார்.

அதே முன்யோசனையோடுதான் நானும் என் ஜீப்பின் பின்னால் ஒரு வெல்டிங் செட்டை ஏற்றினேன். ராஜ்யம் எதுவும் கிடைக்கவில்லை. குஜிலியம்பாறைப் பக்கம் சில ஊர்களில் ‘வெல்டிங்காரத் தம்பி’ என்ற பட்டம் மட்டும் கிடைத்திருக்கிறது. நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் என்று சொன்னால் அங்கே யாரும் நம்புவதில்லை.

வண்டி பழைய மஹிந்திரா எம்.எம். 540. மெக்கானிக்குகள் ‘பீஜோ இஞ்சின் வண்டி’ என்பார்கள். 1947-ல் வில்லிஸ் ஜீப்பில் வண்டித் தொழிலை ஆரம்பித்த கம்பெனியின் வம்சத்தில், பிற்காலத்தில் பிறந்த பிள்ளை. இதில் உடையாத பாகம் என்று ஒன்று இருந்தால் அது ஏற்கெனவே கழன்று விழுந்துவிட்ட பாகமாகத்தான் இருக்கும். சைலன்சர் கிளாம்ப், ஷாக் அப்சார்பர் பிராக்கெட், பேட்டரி தாங்குகிற தட்டு, பானெட் கொக்கி என்று முறை வைத்துக்கொண்டு விட்டுப்போகும். நல்ல ரோட்டில் ஓட்டினாலே இப்படி. நாங்கள் ஓட்டுவதோ ரோடே இல்லாத இடத்தில்.

ரோடு இல்லாத இடத்தில் வேண்டுமென்றே வண்டி ஓட்டுவது ஒரு பொழுதுபோக்கு என்பதைத் திண்டுக்கல் சமவெளியில் புரியவைப்பது சுலபமில்லை. வடமதுரைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற என் மாமனாரிடம் ஒருமுறை விளக்கினேன். “ரோட்டை விட்டு இறங்கி, ஓடை, கரடு, மணல்னு ஓட்டுறது மாமா.” அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “நம்ம தோட்டத்துக்குப் போறது வேற எப்புடிங்க மாப்ள?”

மலைக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். சிறுமலைக்குப் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளோடு அருமையான தார் ரோடு போட்டுவிட்டார்கள். அதை விட்டு இறங்கினால் காப்புக்காடு. அதற்குள் வண்டியை விட்டால் வனத்துறைக்குப் பதில் சொல்லி மாளாது. அங்கே வெல்டிங் பொறி வேறு பறந்து காய்ந்த புல்லில் விழுந்ததென்றால் பதில் சொல்ல வாயே இருக்காது. மேலே தோட்டங்களிலிருந்து எலுமிச்சையும் வாழைத்தாரும் இன்னமும் குதிரை முதுகில் இறங்குகின்றன. குதிரைக்கு சேஸிஸ் விடாது, ஸ்பிரிங் பட்டை ஒடியாது. எனவே எங்கள் வீர விளையாட்டெல்லாம் சமவெளியோடு சரி. வருஷத்தின் பெரும்பகுதி மணலும் மிச்சப் பகுதி சீமைக் கருவேல முள்ளுமாகக் கிடக்கிற குடகனாறு, வற்றிய கண்மாய்கள், செம்மண் வண்டிப்பாதைகள், அவ்வளவுதான்.

வெல்டிங் யோசனை என் மச்சினனுடையது. 2020-ல் வந்த புது மாடல் மஹிந்திரா தார் வைத்திருக்கிறான். அதை வாங்கியதிலிருந்து உலகத்தில் எங்கெங்கே ஜீப் சேற்றில் மாட்டுகிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கலிஃபோர்னியாவில் ரூபிகான் என்றொரு பாதை உண்டாம். மொத்தம் 22 மைல், முழுக்கப் பாறை. 1953-லிருந்து ஜீப்காரர்கள் கூட்டமாகக் கிளம்பி அதில் வண்டியை உடைத்துக்கொண்டு வருகிறார்களாம். அங்கே அச்சு முறிந்தால் கூப்பிட ஆளில்லை. அதனால் சிலர் இஞ்சினில் சுற்றுகிற ஆல்டர்னேட்டரிலிருந்தே வெல்டிங்குக்குக் கரண்ட் எடுக்கிற மாதிரி வண்டியிலேயே பூட்டிக்கொள்கிறார்கள். சிலர் பேட்டரியில் ஓடுகிற வெல்டிங் துப்பாக்கியைக் கையோடு வைத்துக்கொள்கிறார்கள்.

“நம்மளும் வைக்கணும் மச்சான். நடுக்காட்டுல நின்டா என்ன செய்வோம்?”

நடுக்காடு என்று அவன் சொல்வது வேடசந்தூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு பொட்டல். அங்கே நின்றால் மூன்று திசையில் டீக்கடைப் பாட்டு கேட்கும். நாலாவது திசையில் எவனோ கிரில்லுக்குக் கிரைண்டர் போடுகிற சத்தம் கேட்கும். திண்டுக்கல்லோ இரும்பிலேயே வாழ்கிற ஊர். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, பணம் வைக்கிற இரும்புப் பெட்டி, கேட், கிரில், டிராக்டர் டிரெய்லர் என்று இங்கே வெல்டிங் வெளிச்சம் படாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த ஊரில் மிஷினைச் சுமந்துகொண்டு திரியப்போகிறோம் என்றதும் என் மனைவி ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: “ஏங்க, கொல்லன் தெருவுல ஊசி விக்கிறதுக்கு லைசென்ஸ் எதுவும் வேணுமா?”

முதலில் பேட்டரி முறையைத்தான் முயன்றோம், காசில்லாமல் ஆகிற காரியம் என்பதால். மூன்று 12 வோல்ட் பேட்டரிகளை ஒன்றன் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸ்ஸோடு வரிசையாகக் கோத்தால் 36 வோல்ட். ஒரு முனையில் வெல்டிங் ராடு பிடிக்கிற ஹோல்டர், மறுமுனையில் எர்த். ராடு ஓடிக்கொண்டிருக்கும்போது இருபத்துச் சொச்சம் வோல்ட் இருந்தால் போதும் என்பதால் கணக்குப்படி சரிதான். ஆனால் பட்டறை மிஷினில் ராடு தொடுவதற்கு முன்பே அறுபது, எழுபது வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். முப்பத்தாறில் பொறி பிடிக்க முரண்டு பண்ணும். பண்ணுகிற நேரத்தில் ராடு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். மிஷினாவது ஓர் அளவுக்கு மேல் கரண்ட் விடாது. பேட்டரிக்கு அந்த விவஸ்தை கிடையாது, இருப்பதையெல்லாம் கொடுத்துவிடும். ராடு ஹோல்டர் வரைக்கும் செக்கச்செவேல் என்று பழுத்துக்கொண்டே வரும்போது அதைப் பிடித்திருக்கிறவருக்கு வருகிற தெய்வ சிந்தனை எந்தக் கோயிலிலும் வராது. போதாக்குறைக்கு, சார்ஜ் ஏறிய பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும், பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்கும். அதனால் பேட்டரிகளைத் தள்ளி வைக்க வேண்டும், தள்ளி வைத்தால் கேபிள் எட்டாது.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்போம். மூன்று பேட்டரிக்கு மூன்று வண்டி வேண்டும் என்பதுதான் சிக்கல். தார் பேட்டரியைக் கழற்ற மச்சினன் சம்மதிக்கவில்லை. “கம்ப்யூட்டர் இருக்குற வண்டி மச்சான். தெரியாம எதையாவது தொட்டா உள்ள எல்லாம் மறந்துரும்.” யோசனை அவனுடையது, பேட்டரி மட்டும் அடுத்தவனுடையது.

பிறகு ஒரு மைக்செட்காரரிடம் பழைய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று விலைக்கு வந்தது. 3 கே.வி.ஏ. எத்தனையோ காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் சீரியல் லைட் எரித்த ஜெனரேட்டர். அதற்குத் துணையாகக் கைக்கு அடக்கமான இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின். அதன் நெற்றியில் 200 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் போடுகிற படிப்புக்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான் இதற்கும். எங்கள் ஜெனரேட்டரில் எண்பதுக்கு மேலே திருகினால் அது முனகத் தொடங்கிவிடும். இரண்டரை எம்.எம். ராடு எரிக்க அது போதும். ஜெனரேட்டர், மிஷின், கேபிள் சுருள், பெட்ரோல் கேன், கிரைண்டர், கிளாம்ப், சுத்தி, ராடு பாக்கெட் எல்லாம் சேர்த்து நல்ல சாப்பாடு சாப்பிடுகிற ஓர் ஆள் கனம். இடது பக்கம் ஸ்டெப்னியும் கூலிங் பாக்ஸும் மச்சினன் வீட்டுப் பிரியாணி அண்டாவும் என்று முன்பே முடிவாகியிருந்தபடியால், இத்தனையும் வலது பக்கம் ஏறின.

வேலை கற்றுக்கொண்டது பேகம்பூரில் ஒரு பாயிடம். சாயங்காலம் பட்டறை ஓய்கிற நேரத்தில் போவேன். பழைய ஆங்கிளை இரண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஒட்டச் சொல்வார். ராடை உரசு, பொறி பிடித்ததும் லேசாகத் தூக்கு, ரொம்பத் தூக்கினால் அணையும், தூக்காவிட்டால் ஒட்டும். அந்த இடைவெளி ராடின் கனம்தான். அதைக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்கும்போது ஒரு பச்சைச் சூரியனும் அதன் அடியில் நடுங்குகிற ஒரு சொட்டுக் குழம்பும் தவிர வேறு எதுவும் தெரியாது. அந்தச் சொட்டைப் பார்த்துத்தான் கையை நகர்த்த வேண்டும். நான் வெளிச்சத்தைப் பார்த்து நகர்த்தினேன். ஆறியதும் பாய் சுத்தியால் கசடைத் தட்டி, வாயால் ஊதி, கிட்டே வைத்துப் பார்த்தார். “தம்பி, காக்கா உக்காந்துட்டுப் போன மாதிரி இருக்கு” என்றார். பிறகு அந்த ஆங்கிளைத் தரையில் ஒரு போடு போட்டார். ஒட்டு நின்றது. “அழகு கெடக்குது, பிடிச்சிருக்குல்ல. போதும்” என்று டீ சொன்னார். பட்டமளிப்பு விழா அத்தோடு முடிந்தது.

ராடு நமுத்துப்போகக் கூடாது என்பதும் பாய் சொன்ன பாடம். நமுத்த ராடு பொரியும், துப்பும், ஒட்டு பொத்தலாகும். பெரிய வேலைக்கு எடுக்கிற 7018 ராடை அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் சுட்டெடுப்பார்கள். நாங்கள் வைத்திருக்கிற 6013 அவ்வளவு ஆசாரம் பார்க்காது. ஐப்பசி மழை முடிந்ததும் மொட்டை மாடியில் அம்மா வடகம் காய வைத்த வேட்டியின் ஓரத்தில் ராடுகளையும் பரப்பி வைத்தேன். சாயங்காலம் அம்மா இரண்டையும் சேர்த்து அள்ளி டப்பாவில் போட்டுவிட்டார். வடகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ராடு எரிகையில் மட்டும் கொஞ்ச நாளைக்குச் சீரக வாசம் வந்தது என்று மச்சினன் சொல்கிறான், அவன் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான்.

இனி ஒரு போலீஸ் கதை. ஒரு ராத்திரி ஆற்றுப் பக்கமிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு செக்போஸ்டில் கை காட்டினார்கள். ஏட்டையாவின் டார்ச் வெளிச்சம் ஜீப்பின் பின்னால் போய் நின்றது.

“என்னங்க இது?”

“வெல்டிங் செட்டு சார்.”

“பட்டறை வச்சிருக்கீங்களா?”

“இல்ல சார். கணக்கு எழுதுறேன்.”

“இந்த நேரத்துல எங்கேருந்து வர்றீங்க?”

“ஆத்துக்குள்ளேருந்து சார்.”

“ஆத்துக்குள்ள என்ன சோலி?”

“சும்மா… வண்டி ஓட்டிப் பாத்தோம்.”

ஒவ்வொரு பதிலும் சத்தியம். ஒவ்வொரு சத்தியமும் எங்களை ஒரு படி கீழே இறக்கியது. ஆறு என்றதும் மணல் ஞாபகம் வந்து டார்ச் தரையைத் துழாவியது. கிரைண்டரைப் பார்த்ததும் மணல் மறந்து வேறு ஞாபகம் வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் திருச்சூரில் மூன்று ஏ.டி.எம்.களை கேஸ் கட்டரால் அறுத்த கும்பல், காரையே கன்டெய்னர் லாரிக்குள் ஏற்றிக்கொண்டு வந்து நாமக்கல் மாவட்டத்தில் மாட்டியது. அதற்குப் பிறகு நள்ளிரவில் இரும்பு அறுக்கிற சாமானோடு வருகிறவனைக் கும்பிட்டா அனுப்புவார்கள்? அதுவும் பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்கிற ஊருக்குள்! அந்த ஏட்டையா இடத்தில் நான் இருந்திருந்தால் என்னை விட்டிருக்கவே மாட்டேன்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அங்கே குறுக்கே கிடந்த பேரிகார்டு. அதன் ஒரு கால் ஒடிந்து, செங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஏட்டையா அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “நெசமாவே வெல்டிங் தெரியும்னா இதை வைங்க பாப்போம்” என்றார். நடு ரோட்டில் ஜெனரேட்டரை இறக்கினோம். ஒட்டு வைத்து முடித்ததும் அவரே பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்தார். நின்றது. அடையாள அட்டையைவிட அது பெரிய அத்தாட்சியாகிவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. வெல்டிங் செட்டோடு போகிறவனுடைய வண்டி உடைவதில்லை, அவன் போகிற வழியில் இருக்கிற மற்றதெல்லாம் ஏற்கெனவே உடைந்திருக்கிறது. ஊரில் பட்டறைக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் ஒடிந்த கேட்டைப் பெயர்த்துப் பட்டறைக்குக் கொண்டு போக வண்டி பிடிக்க வேண்டும், ஒருநாள் போக வேண்டும். அதனால் கம்பியால் கட்டி, கயிற்றால் இழுத்து, கல்லை அண்டக்கொடுத்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். ஆயிரம் அடி தாண்டி போர் போட வருகிற திருச்செங்கோட்டு ரிக் லாரியில் வெல்டிங் செட் இருக்கும். அது வந்து நின்றால் ஊர்க்காரர்கள் கடப்பாரையையும் கட்டில் காலையும் தூக்கிக்கொண்டு போய் நிற்பது வழக்கம். ஆனால் ரிக் வண்டி எப்போதோ ஒருதரம் வரும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறோம்.

குஜிலியம்பாறைப் பக்கம் ஓர் ஊரில் டீ குடிக்க நின்றபோது ஆரம்பித்தது. முதலில் ஒருவர் ஆட்டுப்பட்டிக் கதவின் கீலைக் காட்டினார். அதை முடிப்பதற்குள் டிராக்டர் ஒன்று வந்து, ஒன்பது கொத்துக் கலப்பையில் விட்டுப்போயிருந்த ஒரு கொத்தை நீட்டியது. பிறகு சைக்கிள் ஸ்டாண்டு, மோட்டார் ரூம் தாழ்ப்பாள், கிணற்று ராட்டினம். ஓர் அப்பத்தா ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டியோடு வந்தார்.

“இதுக்கு இந்த ராடு ஆகாது அப்பத்தா. இது அலுமினியம்.”

“ஏன், அதுவும் உலோகம்தான?”

“உருகி மொத்தமா ஓட்டையாயிரும்.”

“இப்பவும் ஓட்டையாத்தான இருக்கு?” என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். “அந்தக் காலத்துல ஈயம் பூசுறவன் வருவான், ஒரு கரித்துண்டையும் துருத்தியையும் வச்சிக்கிட்டே எல்லாத்தையும் அடைச்சுட்டுப் போவான், இத்தாம்பெரிய மிஷின வச்சிக்கிட்டு…” என்பது மட்டும் தெருக்கோடி வரை கேட்டது.

கூலி வாங்குவதில்லை என்று சொன்னோம். அதனால் முருங்கைக்காய், வேர்க்கடலை, ஒருமுறை உயிரோடு ஒரு சேவல் என்று வந்தது. சேவல் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திண்டுக்கல் வரை வந்தது. பெட்ரோல் செலவைக் கணக்குப் பார்த்தால் அந்தச் சேவல் ஊரிலேயே விலை கூடிய சேவல்.

அங்கேதான் கருப்பசாமி கோயில் வேலையும் வந்தது. சாமிக்கு முன்னால் ஊன்றிய சூலத்தில் நடு முனை அடியோடு ஆடிக்கொண்டிருந்தது. பூசாரி உத்தரவு கேட்டார். பல்லி சொல்லும் வரை அரைமணி நேரம் எல்லோரும் காத்திருந்தோம். சொல்லிவிட்டது. அடுத்த சிக்கல், கோயில் எல்லைக்குள் செருப்புக் கால் ஆகாது. சூலத்தைப் பிடுங்கி வெளியே கொண்டுவருவதும் ஆகாது. வெறுங்காலோடு வெல்டிங் வைப்பதென்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெறிக்கிற உருண்டை கால்விரல் இடுக்கைத்தான் தேடிப் போகும். அருள் வந்தவர்கள் ஆடுவதைவிட நன்றாக ஆடிவிடுவேன் என்று பயமாக இருந்தது. மிஷின் கரண்ட் வேறு காலடி மண்ணோடு சம்பந்தப்பட்ட விஷயம். மண்ணோ அப்போதுதான் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள்.

பூசாரியிடம் விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்து, “தோலுதான் தம்பி ஆகாது. ரப்பர்ல ஒண்ணும் குத்தமில்ல” என்று தீர்ப்புச் சொன்னார். கோழிப்பண்ணையில் வேலை செய்கிற ஒரு பையன் முழங்கால் வரை வருகிற கம்பூட்ஸைக் கொண்டுவந்து கொடுத்தான். கையுறையும் தோல்தானே என்று மச்சினன் பக்தியோடு ஞாபகப்படுத்தினான். நம் ஊர்த் தோல் பதனிடுகிற ஷாப்புகளை நினைத்துப் பெருமைப்பட்டு வாங்கிய கையுறை அது. கழற்றிவிட்டு, காய்ந்த கோணிச்சாக்கை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டேன். சந்தனமும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்குமாகத் தலைமுறை தலைமுறையாக ஏறியிருந்ததைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இரும்பு தெரிகிற வரை போனேன். பூசாரி ஒவ்வொரு தேய்ப்புக்கும் “சாமி, பொறுத்துக்கப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராடு உரசியதும் கருப்பசாமியின் கண்கள் வெளிச்சத்தில் ஒரு மாதிரி மின்னின. குலவைச் சத்தம் கிளம்பியது. என் வெல்டிங்குக்கு அதற்கு முன்பும் பின்பும் குலவை போட்டவர்கள் யாருமில்லை.

“பாக்காதீங்க, வெளிச்சத்தைப் பாக்காதீங்க” என்று ஆரம்பத்திலேயே கத்தியிருந்தேன். பிள்ளைகள் திரும்பிக்கொண்டார்கள். மச்சினன் மட்டும் பார்த்தான். டார்ச் பிடிக்கிறவன் பார்க்காமல் எப்படிப் பிடிப்பது என்பது அவன் வாதம். ராத்திரி ஒரு மணிக்குப் போன் வந்தது. கண்ணில் மணலை அள்ளிப் போட்டிருக்கிறதாம், திறக்கவும் முடியவில்லை மூடவும் முடியவில்லையாம். வெல்டிங் வெளிச்சத்தில் இருக்கிற புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். சுட்ட நேரத்தில் ஒன்றும் தெரியாது, ஐந்தாறு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் வீட்டில் வைத்திய சபை கூடிவிட்டது. மாமியார் உருளைக்கிழங்கைச் சீவிக் கண்ணில் வைத்தார். சித்தப்பா வெள்ளரிக்காய் என்றார். பக்கத்து வீட்டுத் தாத்தா, தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டால் பட்டென்று கேட்கும் என்று சொல்ல, நடுராத்திரியில் அதற்காக யார் வீட்டுக் கதவைத் தட்டுவது, யார் போய்க் கேட்பது என்பதில் விவாதம் திரும்பியது. கண்ணில் வேறு எதையும் போடாமல், கசக்காமல் காலையில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அந்தக் கறுப்புக் கண்ணாடியோடு தாரில் போகும்போது மச்சினன் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தான்.

எங்கள் வண்டியே நடுவழியில் உடைகிற நல்ல நாளும் ஒருவழியாக வந்தது. வேடசந்தூருக்கு அந்தண்டை ஓர் ஓடையில் இறங்கி ஏறும்போது பின்பக்கம் ‘டங்’ என்று ஒரு சத்தம். வண்டி ஒருக்களித்து உட்கார்ந்தது. படுத்துப் பார்த்தால் பின் ஸ்பிரிங்கில் மெயின் பட்டை முனைக் கண்ணுக்குப் பக்கத்தில் இரண்டாக ஒடிந்திருந்தது. மச்சினன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “மச்சான், ரூபிகான்!” என்று கத்திக்கொண்டே ஜெனரேட்டரை இழுத்தான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். பேச்சுக் கொடுத்தால், வாலிப வயதில் தாண்டிக்குடி மலையில் காப்பிக்கொட்டை மூட்டையும் அதற்கு மேலே ஆட்களும் ஏற்றி ஜீப் ஓட்டியவர்.

“என்ன செய்யப் போறீங்க?”

“வெல்டிங் வைக்கப் போறோம்ய்யா.”

“பட்டைக்கா? பட்டைக்கு யாராவது வெல்டிங் வைப்பாகளா?”

அவர் சொன்னது சரி. பட்டை இரும்பு சாதா இரும்பல்ல, கார்பன் கூடிய ஸ்பிரிங் இரும்பு. பட்டறையில் பக்குவமாகச் சூடேற்றி எண்ணெயில் தோய்த்து அதற்கு வளைகிற குணத்தைக் கொடுத்திருப்பார்கள். வெல்டிங் சூட்டில் அந்தக் குணம் போய்விடும். ஒட்டு நிற்கும், ஆனால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே விறைத்துப்போய் அடுத்த பள்ளத்தில் படக்கென்று ஒடியும். பெரியவர் இதையெல்லாம் விளக்கவில்லை. இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து, கரையில் நின்ற கருவேல மரத்தில் கைத்தடிமன் கிளை ஒன்றை வெட்டி, ஒரு முழத்துக்குத் தறித்தார். ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லி அதை அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கொடுத்தார். அச்சு பின்னால் நழுவாமல் எங்கள் இழுவைச் சங்கிலியை முன்பக்கம் இழுத்துக் கட்டினார். வடக்கயிற்றால் மொத்தத்தையும் சுற்றி முடிச்சுப் போட்டார். ஒரு பீடி அணைவதற்குள் வேலை முடிந்தது.

“இருவதுக்கு மேல போகாதீங்க. ஊரு போய்ச் சேந்துரும்” என்றவர், ஜீப்புக்குள் பார்த்தார். “அந்த மிஷினு எந்தப் பக்கம் இருந்துச்சு?”

நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“வலது பக்கம்யா” என்றான் மச்சினன்.

“ஒடைஞ்சது?”

“வலதுதான்.”

“ம்” என்றார் பெரியவர். ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜெனரேட்டர் தாரின் பின்சீட்டுக்கு மாறியது. சீட் உறையில் கிரீஸ் படாமலிருக்க மச்சினன் தன் சட்டையைக் கழற்றி விரித்தான். பனியனோடு அவன் முன்னால் போக, நான் கட்டைமேல் உட்கார்ந்த ஜீப்பை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். வழியில் இரண்டு பேர் கை காட்டி, “தம்பி, வெல்டிங் வண்டிதான?” என்று கேட்டார்கள்.

மறுநாள் காலை பைபாஸ் பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் வண்டியை ஏற்றினோம். பழைய பட்டையைக் கழற்றிப் புது மெயின் பட்டை போட்டார்கள். கழற்றும்போதுதான் சேஸிஸில் பட்டையைத் தாங்குகிற பிராக்கெட்டும் கீறல் விட்டிருப்பது தெரிந்தது. அது சாதா இரும்பு, தாராளமாக வெல்டிங் வைக்கலாம்.

“வச்சிரலாம்ண்ணே. ஆனா இன்னைக்கு மாசாந்திரப் பராமரிப்பு, கரண்ட் கட்டு. அஞ்சு மணிக்குத்தான் வரும்” என்றார் பட்டறைக்காரர். சொல்லிக்கொண்டே கண்ணை ஓடவிட்டவர் தாரின் பின்சீட்டில் சட்டை விரித்து உட்கார்ந்திருந்த சாமானைப் பார்த்துவிட்டார். “அது ஓடுமா?”

ஓடியது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கையில் எழுதுகிற மாதிரி ஒரே இழுப்பில் பிராக்கெட்டுக்கு ஒட்டு வைத்தார். பார்க்கப் பொறாமையாக இருந்தது. ஜெனரேட்டர் சத்தம் கேட்டு அடுத்த கடை கிரில்காரர் வந்தார், எதிர் லேத்துக்காரர் வந்தார், டிரெய்லர் கட்டுகிறவர் ஒரு கொக்கியோடு வந்தார். மத்தியானம் வரை எங்கள் மிஷின் அந்தத் தெருவுக்கே வேலை பார்த்தது. இரண்டு தடவை பெட்ரோல் வாங்க மச்சினன்தான் போனான்.

கிளம்பும்போது பில் எழுதிக் கொடுத்தார்கள். புதுப் பட்டை, சென்டர் போல்ட், யு போல்ட், கழற்றி மாட்டிய கூலி. அதற்குக் கீழே: வெல்டிங் 300 ரூபாய்.

“அண்ணே, மிஷின் என்னுது. பெட்ரோல் என்னுது. ராடுகூட என்னுதுண்ணே” என்றேன்.

பட்டறைக்காரர் நான் முந்தின மாதம் சைலன்சர் கிளாம்பில் வைத்திருந்த ஒட்டைக் குனிந்து ஒருதரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“கை யாருதுண்ணே?”